போன் நல்லாத்தான் இருக்கு, தேதிதான் முடிஞ்சு போச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர் உசிலம்பட்டியில் இருந்து ஆரம்பிக்குது.

என் சித்தி அங்கே பூக்கடை வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட 2019 கடைசியில் வாங்கின ஒரு ஆண்ட்ராய்டு போன். விலை ஏழாயிரத்துச் சொச்சம். கடைக்கு வர்றவங்க ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டா, வந்துச்சா இல்லையான்னு அந்தப் போன்லதான் பார்ப்பாங்க. போன வருஷம் ஒரு முகூர்த்த நாள் காலையில பேங்க் ஆப் திறக்கவே இல்லை. உங்கள் போனில் உள்ள ஆண்ட்ராய்டு பதிப்பில் இந்த ஆப் இனி இயங்காதுன்னு ஒரு வரி, அவ்வளவுதான். அன்னைக்கு யார் உண்மையிலேயே பணம் போட்டாங்க, யார் போட்டுட்டேன்னு சொல்லிட்டு மட்டும் போனாங்கன்னு சித்திக்குத் தெரியலை. முகூர்த்த நாள்ல மல்லிகைப் பூ விக்கிற விலைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் கடையை அடைச்சுட்டு, கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் பஸ்ஸில் மதுரைக்குப் போய், அந்த கம்பெனியோட சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்காங்க. கவுன்டரில் இருந்த தம்பி போனைப் பார்த்துட்டு, "இந்த மாடலுக்கு இனிமே அப்டேட் வராதும்மா, புதுசு வாங்கிக்கங்க"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாராம்.

சித்தி என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். "ஏய்யா, ஸ்கிரீன் நல்லா இருக்கு, சார்ஜ் நிக்குது, பேசினா கேட்குது. போன் நல்லாத்தானய்யா இருக்கு. அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். என்னாலேயே உடனே பதில் சொல்ல முடியலை. இந்த எபிசோட்தான் அந்தப் பதில்.

அப்டேட்டில் ரெண்டு வகை

முதல் வகை, ஆண்ட்ராய்டு பதிப்பே மாறுவது. 13 போய் 14 வரும், 14 போய் 15 வரும். ரெண்டாவது வகை, பாதுகாப்பு அப்டேட். வெளியே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. உள்ளே கண்டுபிடித்த ஓட்டைகளை அடைத்திருப்பார்கள்.

2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்.எம்.எஸ் அனுப்பியே ஒருத்தர் போனுக்குள் நுழைய வாய்ப்பு இருந்தது. அதற்கு அப்புறம்தான், அந்த ஆகஸ்டில் இருந்து, கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை அறிவிக்க ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கே ஓட்டை இருந்தது என்பதும் கூடவே உலகத்துக்குத் தெரிந்துவிடும். அடைத்த போனுக்குப் பிரச்சினை இல்லை. அப்டேட் வராத போன், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று வாசலில் எழுதிப் போட்ட வீடு மாதிரி.

இப்பவே உங்க போனை எடுங்க. செட்டிங்ஸ், அபௌட் போன், அதில் ஆண்ட்ராய்டு வெர்ஷன். அங்கே செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். சித்தி போனில் இருந்த தேதி 2020 ஆகஸ்ட்.

அணையில் தண்ணி இருக்கு, கண்மாய்க்கு வரலை

எங்க ஊர்க்காரங்களுக்கு 58 கால்வாயை வெச்சுச் சொன்னா சட்டுன்னு புரியும். வைகை அணையில் தண்ணி இருந்தால் மட்டும் போதாது. ஷட்டரைத் திறக்கணும், கால்வாயில் உடைப்பு இருக்கக் கூடாது, அப்புறம்தான் நம்ம ஊர்க் கண்மாய்க்கு வரும்.

ஆண்ட்ராய்டும் அப்படித்தான். கூகுள் புதுப் பதிப்பை வெளியிடுகிறது. அது நேராக உங்க போனில் ஓடாது. குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் கம்பெனிகள், தங்கள் சிப் அதில் வேலை செய்யத் தேவையான டிரைவர்களைக் கொடுக்க வேண்டும். ஒரு சிப்புக்கு அவர்கள் ஆதரவை நிறுத்திவிட்டால், போன் கம்பெனி நினைத்தாலும் புதுப் பதிப்பைக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். டிரைவர் வந்த பிறகு போன் கம்பெனி தன்னுடைய மெனு, கேமரா, ஆப் எல்லாவற்றையும் அதன் மேல் உட்கார வைத்து, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கூகுள் இதைச் சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, பிராஜெக்ட் ட்ரெபிள் என்ற பெயரில் சிப் சம்பந்தப்பட்ட பகுதியையும் ஆண்ட்ராய்டின் மேல் பகுதியையும் பிரித்தார்கள். மேலே மாற்றும்போது கீழே கை வைக்கிற வேலை குறைந்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, சில முக்கியப் பகுதிகளை பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்க வழி செய்தார்கள். கால்வாயைத் தூர்வாரிய மாதிரி. ஆனால் ஷட்டரின் சாவி இன்னும் போன் கம்பெனி கையில்தான்.

அந்தச் சாவியைத் திருப்ப அவர்களுக்குச் செலவு ஆகும். எங்க ஆபீஸிலேயே பழைய பதிப்பு ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது என்றால் அதற்குத் தனியா ஆள், தனியா டெஸ்டிங். போன் கம்பெனிக்கு நாம் பணம் கொடுப்பது ஒரே ஒரு தடவை. ஏழாயிரம் ரூபாய் போனில் லாபமே கொஞ்சம். மூணு வருஷம் கழித்து அதற்கு வேலை பார்க்க யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால்தான், விலை ஏறினால் வருஷமும் ஏறுகிறது. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24 ரெண்டுக்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். ஏழாயிரம் ரூபாய் போனுக்கு அந்த வாக்குறுதி கிடையாது.

ஆறாயிரம் ரூபாயில் ஒரு முயற்சி

விலை குறைந்த போனுக்கு இது முடியவே முடியாதா? ஒரு தடவை முயற்சி நடந்தது, அதுவும் இந்தியாவில்தான் முதலில்.

2014 செப்டம்பர் 15, டெல்லி. அப்போது ஆண்ட்ராய்டு பிரிவுக்குத் தலைவராக இருந்த சுந்தர் பிச்சை, நம்ம மதுரையில் பிறந்தவர், ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று இந்திய கம்பெனிகள், ஆளுக்கு ஒரு போன். ஆரம்ப விலை 6,399 ரூபாய். மூன்றிலும் மீடியாடெக் சிப். எப்படிப்பட்ட ஹார்டுவேர் என்பதை கூகுள் முன்கூட்டியே வரையறுத்துக் கொடுத்தது, அப்டேட்டும் கூகுள் பொறுப்பு. ஆண்ட்ராய்டு 4.4-ல் வந்த அந்தப் போன்களுக்கு 5.1 வந்தது, அப்புறம் 6.0-வும் வந்தது. ஆறாயிரம் ரூபாய் போனுக்கு அது அப்போது ஆச்சரியம்.

ஆனால் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. முதலில் ஆன்லைனில் மட்டும் விற்றார்கள். நம்ம ஊர்ல அப்ப யார் போனை ஆன்லைனில் வாங்கினாங்க? மூன்று போனும் உள்ளே ஒரே மாதிரி இருந்ததால், என் போன்தான் உசத்தி என்று சொல்லிக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் எதுவும் இல்லை. 2017 செப்டம்பரில் அதே ஆண்ட்ராய்டு ஒன் பெயரில் ஷவோமியின் மி ஏ1 வந்தபோது விலை 14,999. அப்டேட் வரும் என்ற வாக்குறுதி, சித்தி மாதிரி ஆட்களின் பட்ஜெட்டைத் தாண்டிப் போய்விட்டது.

கணக்கு எந்த நாளில் இருந்து?

இப்போ முக்கியமான இடம். சித்தி போனுக்கு அந்தக் கம்பெனி ரெண்டு வருஷம் அப்டேட் கொடுத்திருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மாடல் சந்தைக்கு வந்தது 2018 ஆகஸ்டில். சித்தி வாங்கியது 2019 நவம்பரில். கம்பெனி கணக்கில் ரெண்டு வருஷம், சித்தி கணக்கில் ஒன்பது மாசம்.

பெரும்பாலும் இந்தக் கணக்கு மாடல் அறிமுகமான நாளில் இருந்துதான் ஓடும், நாம் பில் போட்ட நாளில் இருந்து இல்லை. சின்ன ஊர்க் கடைகளில் பழைய மாடல்தான் விலை குறைத்து வரும். அதைத்தான் நாமும் விரும்பி வாங்குவோம். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று இருக்கிறது. போன் பெட்டியில் தயாரித்த மாதம் இருக்கும், விலை இருக்கும். அப்டேட் எந்தத் தேதி வரை என்று இருக்காது.

வெளிநாட்டில் இதைத்தான் சட்டத்தில் பிடித்தார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்று கம்பெனி வெளியிட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி. ஒரு மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளில் இருந்து கணக்குப் போட்டு, குறைந்தது 5 வருஷத்துக்கு அப்டேட்களை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கவனிச்சீங்களா, அறிமுகமான நாள் இல்லை, நிறுத்திய நாள். சித்தி மாதிரி கடைசியில் வாங்கியவருக்கும் அதில் இடம் இருக்கு.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, போன் மாதிரி பொருட்களைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போட 2024-ல் ஒரு குழு அமைத்தது. 2025 மே மாதம் அறிக்கை வந்தது. மதிப்பெண்ணுக்கான அளவுகோல்களில் சாஃப்ட்வேர் அப்டேட்டும் ஒன்று. ஆனால் அறிக்கை என்பது சட்டம் இல்லை.

அதுவரைக்கும் நாம என்ன செய்யலாம்?

வாங்கும் முன் மூணு கேள்வி. இந்த மாடல் எந்த மாதம் அறிமுகமானது? பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம்? சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கு? கடைக்காரருக்குத் தெரியலைன்னா அவரைக் குறை சொல்லாதீங்க, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சர்வீஸ் விஷயத்தில் கடைக்காரர்களே கொதித்துப்போன கதை உண்டு. 2024 மே 1 முதல் ஒன்பிளஸ் போன்களை விற்க மாட்டோம் என்று தென்னிந்திய விற்பனையாளர் சங்கம் ஒன்று அறிவித்தது. சுமார் 4,500 கடைகள். லாபம் குறைவு என்பதோடு, வாரண்டி கோரிக்கைகள் இழுத்தடிக்கப்படுகின்றன என்பதும் அவர்கள் புகார். கம்பெனியின் இணையதளத்தில் அப்டேட் காலம் போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்க.

வாரண்டி காலத்தில் சரிசெய்து தராமல் அலையவிட்டால், சொன்ன அப்டேட்டைக் கொடுக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். உசிலம்பட்டிக்காரர் மதுரையில் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். சித்தி கேஸ் போட்டிருந்தால் ஜெயிப்பது கஷ்டம். பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. அப்டேட் முடியும் தேதி என்ற வார்த்தை அதில் இல்லை. யாரும் அவங்களுக்கு எழுத்தில் எதையும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அதனால்தான் வாங்கும்போதே கேளுங்கன்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன்.

கடைசியில் சித்திக்குப் புதுப் போன் வாங்கினோம். அப்டேட் எவ்வளவு நாள்னு கேட்டதும் கடைக்கார அண்ணன் சிரிச்சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம். கம்பெனி இணையதளத்தில் தேடி, அறிமுகமான மாதத்தில் இருந்து கணக்குப் போட்டு, அந்தத் தேதியை பில்லின் பின்னாடி பேனாவில் எழுதினேன். சித்தி பார்த்துட்டு, "இதை முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தா நான் ஏன்யா மதுரைக்குப் போகப் போறேன்"னு கேட்டாங்க. பழைய போனில் பேங்க் ஆப் எல்லாம் எடுத்துட்டோம். இப்ப அது கடையில பாட்டு பாடிட்டிருக்கு.

உங்க போன்ல என்ன தேதி காட்டுதுன்னு பார்த்துட்டு எழுதுங்க. வீட்டுப் பெரியவங்க போனையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.