வீட்டு வரி ரசீது எதைத் தரும், எதைத் தராது?

காலனிகளில் நாங்கள் நடத்தும் சட்ட முகாம்களுக்கு வருவோர் பெரும்பாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் வருகிறார்கள். உள்ளே, பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வீட்டு வரி ரசீதுகள். ‘இது இருக்கும்போது எங்களை எப்படிக் காலி செய்யச் சொல்ல முடியும்?’ என்பது முதல் கேள்வி. ‘புறம்போக்கு இடம் என்று வரி வாங்க மறுக்கிறார்கள்’ என்பது அடுத்தது. ‘வரி பாக்கி இருப்பதால் தெருக்குழாயில் தண்ணீர் விட மாட்டோம் என்கிறார்கள்’ என்பது மூன்றாவது. நிலம், வரி, சேவை ஆகிய மூன்றும் சட்டத்தில் தனித்தனியானவை. அவற்றை ஒன்றாகக் குழப்புவது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கிறது.

ரசீது, நில உரிமைக்கான ஆவணமன்று. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பக் கூறியுள்ளன. முகாமில் இதைச் சொல்லும்போது முகங்கள் வாடுவதையும் பார்க்கிறேன். ஆனால், இத்தனை ஆண்டுகளாக இந்த வீட்டில் இவர்தான் குடியிருக்கிறார் என்பதற்கு அது வலுவான சான்று. புறம்போக்கிலிருந்து ஒருவரை வெளியேற்றுவதானாலும், 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பு தந்து விளக்கம் கேட்க வேண்டும். அந்த விளக்கத்துடன் இணைக்க வேண்டியவை இந்த ரசீதுகளே. இன்னொன்று: ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கிய வீட்டுமனைப் பட்டாக்கள் பல, கிராமக் கணக்கில் ஏற்றப்படாமல் வெறும் தாள்களாகவே கிடக்கின்றன. அவற்றைக் கணக்கில் ஏற்றுமாறு வட்டாட்சியருக்கு எழுதும் மனுவிலும் ரசீது நகல்களைச் சேர்க்கலாம்.

வரி வாங்க மறுப்பதைப் பொறுத்தவரை, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வீட்டின் மீதே வரி விதிக்கிறது. நில உரிமையின் மீது அன்று. மறுப்பவரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் மறுப்பு தளர்ந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், தெருத் தூய்மை, இடுகாடு ஆகியவை ஊராட்சியின் கடமைகள் என்று அதே சட்டத்தின் 110-ஆம் பிரிவு கூறுகிறது. வரி செலுத்தியவர்களின் தெருவுக்கு மட்டும் என்று அதில் இல்லை. வீட்டு இணைப்புக்கான குடிநீர்க் கட்டணம் வேறு கணக்கு. தனி ஒருவரின் வரி பாக்கியை அவரிடமே சட்டப்படி வசூலிக்கலாம். அதற்காக ஒரு தெருவின் பொதுக்குழாயை அடைப்பது, தெரு முழுவதையும் தண்டிப்பதாகும்.

அப்பிரிவில் ‘நிதி வரம்புக்கு உட்பட்டு’ என்றொரு சொற்றொடர் உண்டு. ‘நிதி இல்லை’ என்ற வழக்கமான பதில் அங்கிருந்தே பிறக்கிறது. நிதி குறைவாக இருக்கலாம். ஆனால் இருக்கும் நிதி ஊர்த்தெருவில் தொடங்கி சேரிக்கு முன்பே தீர்ந்துபோவதை நிதிப் பற்றாக்குறை என்று ஏற்க இயலாது. அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியால் தடை கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு. பட்டியல் சாதியினரைப் பொதுக் குழாயிலோ சுடுகாட்டிலோ பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவின்கீழ் குற்றம். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாடே பேசியது. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஏறாத குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பாகுபாட்டைக் காட்டக் கணக்கு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘எங்கள் தெருவுக்கு ஏன் விளக்கு இல்லை?’ என்று கேட்டால் மழுப்பலே வரும். கடந்த மூன்று ஆண்டுகளில் தெருவாரியாகப் பொருத்திய விளக்குகள், குழாய்கள், கால்வாய்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் செலவான தொகை, வேலை ஆணை நகல் என்று கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரில் ஒரு விடுமுறையில் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. பதில் கிடைத்ததும் அடுத்த கிராம சபையில் அதை உரக்கப் படித்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்து, நகல் பெறுங்கள். வழக்குத் தொடுக்கும் நாளில் நாங்கள் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.