மீன்தொட்டியில் நத்தைப் பெருக்கம்: காரணமும் தீர்வும்

செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 50 லிட்டர் மீன்தொட்டி ஒன்று உள்ளது. என் மகள் தன் சேமிப்பில் வாங்கியது. கப்பி மீன்களும் சிறு இறால்களும் அதில் வளர்ந்துவந்தன. சென்ற ஆண்டு மாட்டுங்காவில் வாங்கிய நீர்ச்செடி ஒன்றைத் தொட்டியில் நட்டோம். இரண்டே மாதங்களில் கண்ணாடியெங்கும் நத்தைகள் அப்பிக்கொண்டன.

பொறுமையிழந்த நான், மகளைக் கேளாமலேயே நத்தைக்கொல்லி மருந்தை ஊற்றினேன். மறுநாள் காலையில் நத்தைகள் மடிந்திருந்தன, இறால்களும் மடிந்திருந்தன. மாலைக்குள் மீன்களில் பாதி மிதந்தன. அம்மருந்தில் இருந்தது செம்பு உப்பு. நத்தையைக் கொல்லும் செம்பு, இறாலையும் கொல்லும். ஒரே நேரத்தில் மடிந்த நத்தைகள் அழுகியதால் உண்டான அம்மோனியா, மீன்களுக்கு நஞ்சாயிற்று.

அதன் பின்னரே காரணத்தைத் தேடினேன். செடியின் இலையடியில் ஒட்டியிருக்கும் பசை போன்ற முட்டைகள் வழியாகவே நத்தைகள் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. சிலவகை நத்தைகள் துணையின்றியே இனம் பெருக்க வல்லவை. எனவே ஒன்று வந்தாலும் போதும். எனினும், அவை பெருகுவதும் குறைவதும் கிடைக்கும் உணவைப் பொறுத்ததே. மீன்கள் தின்றது போக அடியில் தங்கும் தீனி, அழுகிய இலை, பாசி ஆகியவையே அவற்றின் முதலீடு. வரவை நிறுத்தாமல் நத்தையை மட்டும் பொறுக்கினால், கணக்கு என்றும் நேராகாது.

ஆகவே, முதற்பணி தீனியைக் குறைப்பது. இரண்டு நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போதுமானது. வாரம் ஒருமுறை குழாய் கொண்டு அடிக்கழிவை உறிஞ்சி எடுத்து, நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குளோரின் நீக்கிய நீரையே ஊற்ற வேண்டும். இரவில் வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டியின் அடியில் இட்டால் நத்தைகள் அதில் மொய்க்கும். விடியலில் துண்டோடு எடுத்துவிடலாம். புதிய செடியை மூன்று வாரம் தனி வாளியில் வைத்து, பொரிக்கும் குஞ்சுகளை நீக்கிய பின்னரே நடுவது நலம். நத்தை தின்னும் அயிரை இன மீன்களும் உண்டு. ஆனால் அவற்றுட் பல, கூட்டமாக வாழ்பவை. சிறு தொட்டிக்கு ஏற்றவையல்ல.

பொறுக்கிய நத்தைகளை உயிருடன் சாக்கடையில் கொட்டலாகாது. 1847ஆம் ஆண்டு பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கொணர்ந்து கல்கத்தாத் தோட்டமொன்றில் விட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை, இன்று நாட்டின் பல பகுதிகளில் பயிரை அழிக்கிறது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆற்றுக்கு இன்னொரு சுமை வேண்டாம். நத்தைகளைப் பையில் இட்டு உறைபெட்டியில் ஓரிரவு வைத்து, பின் குப்பையில் சேர்க்கலாம்.

எங்கள் தொட்டியில் இன்றும் சில நத்தைகள் உள்ளன. பாசியை மேய்ந்து கண்ணாடியைத் தூய்மையாக்கும் அவற்றை நாங்கள் பகையாகக் கருதுவதில்லை. தீனி இடும் பொறுப்பு இப்போது மகளுடையது. சிறு கரண்டியால் அளந்தே இடுகிறாள். என்னைத் தீனி டப்பாவைத் தொட விடுவதில்லை.