கார்த்திகையில் வாத்துக்குஞ்சு வாங்கலாமா?

காவிரி டெல்டாவில் வாத்து வளர்க்க நினைப்பவர்களுக்குக் கார்த்திகை பிறந்தாலே இந்தக் குழப்பம் வந்துவிடும். இப்போது குஞ்சு இறக்கினால், தை, மாசியில் சம்பா அறுவடை முடியும்போது எட்டு, பத்து வாரத்து வாத்துகள் கையில் இருக்கும். அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் புழு பூச்சியையும் மேய்ந்தே அவை தேறிவிடும்; தீவனச் செலவு பெருமளவு குறையும். ஆனால் அடைமழையும் புயலும் வருவது அதே கார்த்திகையில்தான். அதன் பிறகு மார்கழி வாடை.

மேய்ச்சல் கணக்கை முதலில் சரிபார்த்துவிடுங்கள். டெல்டாவில் பலர் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயலில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுகிறார்கள். முளைத்து நிற்கும் உளுந்தில் யாரும் வாத்தை இறங்க விடமாட்டார்கள். உங்கள் ஊரில் எந்த வயல் சும்மா கிடக்கும் என்று விசாரிக்காமல், மேய்ச்சலை நம்பிக் குஞ்சு வாங்கக் கூடாது.

இனி குளிர். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். வளர்ந்த வாத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பொரித்த குஞ்சுக்கோ முதல் வாரம் 32 டிகிரி வரை சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். சித்திரையில் பகல் முழுக்க விளக்கை அணைத்தே வைக்கலாம். இப்போது மூன்று, நான்கு வாரம் இரவு பகலாகச் சூடு கொடுக்க வேண்டியிருக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது; ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது.

குளிரைவிட நான் அஞ்சுவது ஈரத்துக்குத்தான். தாயோடு திரியும் குஞ்சு நனைந்தாலும் தாயின் இறக்கைக்குள் புகுந்து காய்ந்துகொள்ளும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. மேலுள்ள பஞ்சு நனைந்தால் விறைத்துவிடும். ஆகவே இந்த வயதில் நீந்த விடவே கூடாது. ஆனாலும் மூக்குத் துளையை முக்கிக் கழுவ அதற்குத் தண்ணீர் வேண்டும். அலகு முங்கும் ஆழமும், உடம்பு இறங்க முடியாத குறுகிய வாயும் உள்ள பாத்திரத்தை வையுங்கள். அதைக் கம்பி வலை மூடிய தட்டின்மேல் வைத்தால், சிந்துகிற தண்ணீர் உமியில் இறங்காது. தினமும் காலையில் ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிராமல் உருண்டையாக நின்றால், அதை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்ப வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து தீவன மூட்டைக்குள் இருக்கிறது. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. அப்போது வாத்துக்குஞ்சுகளும் மாண்டன. வாத்துக்குஞ்சுக்கு இதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. அதனாலேயே நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வுக்கூடங்களில் அதையே பயன்படுத்தினார்கள். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். சிக்குவாடை அடித்தால் காசைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

பறவைக் காய்ச்சலும் இந்த மாதங்களில் தலைகாட்டுவதுண்டு. கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் அது வாத்துகளைத் தாக்கியது. குஞ்சு எந்த ஊரில் பொரித்தது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஏறாத மேட்டில் ஒழுகாத கொட்டகை, வடபுறம் வாடையைத் தடுக்கச் சுவரோ படுதாவோ, ராத்திரியில் எழுந்து பார்க்க ஓர் ஆள், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு, இவ்வளவும் இருந்தால் கார்த்திகையிலேயே இறக்குங்கள் என்பேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கரி அடுப்பை மாற்றாக வைப்பவர்கள், புகை வெளியேற மேலே திறப்பு விட வேண்டும். அடைத்த கொட்டகையில் கரிப்புகையே குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

இதில் ஒன்று குறைந்தாலும் மாசி வரை பொறுங்கள். அப்போது வாங்கினால் சம்பா மேய்ச்சல் கிடைக்காது, தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டிவரும். அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.