உங்களுக்குத் தெரியுமா? மணிக்கு 17 முறை விழும் நடை!

நடை பழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது; 17 முறை விழுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணி, 2012இல் வெளியிட்ட கணக்கு இது.

நன்றாகத் தவழும் பிள்ளை ஏன் எழுந்து தள்ளாட வேண்டும்? நடந்தால் அதே நேரத்தில் கூடுதல் தூரம் போகலாம். கடக்கும் தூரத்தை வைத்துப் பார்த்தால், தவழும்போது விழுவதைவிட அதிகமாக விழுவதும் இல்லை. எவ்வளவு அருமையான முடிவு!

நடை பழகக் கொடுக்கும் நம் ஊர் மர நடைவண்டியைப் பிள்ளை தானே நின்று தள்ளுகிறது. உள்ளே உட்கார வைக்கும் வாக்கர் அப்படியல்ல. படிகளில் உருண்டு குழந்தைகள் காயமடைந்ததால், கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.