சர்க்கரைப் பதுமைகள்

சர்க்கரை நமது தேசத்தின் சொத்து. ஆங்கிலேயர் வழங்கும் 'ஷுகர்', 'காண்டி' என்ற சொற்களே நமது சர்க்கரா, கண்டம் என்பவற்றின் வழிவந்தவைதாம். ஆயினும், சர்க்கரையை மாவுபோல் பிசைந்து பதுமையாக்கிக் கேக்கின்மேல் நிறுத்தும் 'ஃபாண்டன்ட்' வித்தை மேனாட்டிலிருந்து வந்தது. அதை நம் சீதோஷ்ணத்துக்கு இசைய மாற்றிக்கொண்டாலன்றி அது நமக்குப் பலிக்காது.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்று, குடும்ப வருமானத்துக்குத் துணைசெய்யும் பெண்மணிகள் உண்டு. குழந்தையின் பிறந்த நாளுக்கு யானை வேண்டும், மயில் வேண்டும் என்று கேட்பார்கள். அதை முதல்நாள் இரவு செய்ய உட்கார்ந்தால், விடிவதற்குள் தும்பிக்கை தொங்கிவிடும். உழைப்பும் முதலும் வீண். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம். ஆகையால் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே பதுமைகளைச் செய்து வைத்துவிடுவதே சிலாக்கியம்.

கால் கிலோ ஃபாண்டன்டுக்குச் சுமார் ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. தூள் சேர்த்துப் பிசைந்தால் மாவு விறைப்பாகும். கடையில் விற்கும் ஃபாண்டன்ட் சிலவற்றில் மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சைவர்கள் பொட்டலத்தைப் படித்து வாங்குக. வீட்டிலேயே தயாரிப்போர் அதற்குப் பதில் அகர் சேர்க்கலாம். அதற்கான கடற்பாசியை ராமநாதபுரம் கடற்கரையில் நம் சகோதரிகளே மூழ்கி எடுக்கிறார்கள்.

முதலில் உடலைச் செய்து ஒரு நாள் உலரவிட்டு, பிறகே தலையைத் தண்ணீர் தொட்டு ஒட்ட வேண்டும். வடாம் உலர்த்தத் தெரிந்த நமக்கு இது கடினமன்று. ஒரே பேதம், வடாத்துக்கு வெயில், பதுமைக்கு நிழல். வெயிலில் சாயம் வெளுக்கும். ரோஜா, ஊதா நிறங்கள் முந்திக்கொள்ளும். சிறியவை இரண்டு மூன்று நாளில் உலரும். பருத்தவற்றுக்கு ஒரு வாரம் ஆகும். உலர்ந்தபின் மெல்லிய காகிதம் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கலாம். முற்றும் உலராததைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் உள் ஈரம் அங்கேயே தங்கும். குளிர்சாதனப் பெட்டியோ பரம விரோதி: வெளியே எடுத்ததும் பதுமை வேர்த்துப் பிசுபிசுக்கும். பாலேடு பூசிய கேக்கும் அப்படியே கரைக்கும். ஆதலால் அடியில் சாக்லெட் தகடு ஒன்றை வைத்து, கேக் வெட்டும் வேளையில் பதுமையை ஏற்றுவது நலம்.

வர்ண விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். துணிச்சாயமாகிய ரோடமின்-பி கலந்திருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையையே தடைசெய்தது. உணவுக்கென அனுமதிக்கப்பட்ட சாயத்தையே வாங்குக. மினுமினுக்கும் தூள்கள் பலவும் அலங்காரத்துக்கன்றி ஆகாரத்துக்கு ஆகா. தலையைத் தாங்கக் கம்பியோ பல்குச்சியோ செருகினால், கேக்கைக் கொடுக்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். குழந்தை முதலில் கை நீட்டுவது கேக்குக்கன்று, பொம்மைக்கே!

முன்கூட்டிச் செய்வதால் வேலை குறைந்துவிடாது, பரபரப்புத்தான் குறையும். பரபரப்பில்லாத கையே சாயத்தின் சீட்டைப் படித்துப் பார்க்கும். குச்சிகளை எண்ணி வைக்கும். வீட்டுக் கைத்தொழிலுக்கு நற்பெயர் தருவது அந்த நிதானமே.