ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால்

மருத்துவமனைத் தொடர்களில் ஸ்ட்ரெச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதுதான் கதை தொடங்கும். 2024இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' தொடரில் இளம் டாக்டர்களின் ஓட்டத்தைப் பார்த்து, டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் கேரள மலையில் உள்ள வண்டிப்பெரியாரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயத்திலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போக, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக மூன்று மணி நேரம்கூட ஆகலாம். குமுளி மலையிறங்கித் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நேரம் ஓடிவிடும். இங்கே பல உயிர்களின் கதை அந்தக் கதவுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மாரடைப்பு சினிமாபோல வராது

திரையில் மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். நிஜத்தில் பலருக்கு, கொழுந்துக் கூடையோடு மேடு ஏறும்போது நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். அதுவே எச்சரிக்கை மணி. தாடை வலி, இடது கை கடுப்பு, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் எல்லாம் அறிகுறிகள்தான். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் அசதியும் குமட்டலுமாக வரக்கூடும். அதை 'வாயு' என்று சோடா கொடுத்துப் படுக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், வண்டி எதுவரை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேர்கோடும் ஷாக்கும்

மானிட்டரில் கோடு நேராகிறது, டாக்டர் ஷாக் கொடுக்கிறார், நோயாளி கண் திறக்கிறார். இது தவறு. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதுதான் ஷாக் பயன்படும். நேர்கோட்டுக்கு நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான் வழி. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வு ஒன்றில், இதயம் நின்ற பாத்திரங்களில் நான்கில் மூன்று பேர் அந்த நேரத்தில் உயிர் மீண்டிருந்தார்கள். நிஜத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றால் பிழைப்பவர் மிகச் சிலரே. அந்தச் சிலரில் பலரைக் காப்பாற்றியது பக்கத்தில் நின்றவரின் கைகள்.

ஒருவர் உணர்வற்று, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் 108ஐ அழைத்துவிட்டுத் தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். நடிகர்கள் மெல்லத் தட்டுவதுபோல் அழுத்தினால் பயனில்லை. கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும்.

பாம்புக்கடி

கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. மலைத்தோட்டங்களில் காணும் குழிவிரியன்களின் விஷத்தை அது முறிக்காது. அந்தக் கடிக்குச் சிறுநீரகத்தையும் ரத்தம் உறைவதையும் கண்காணித்துத்தான் சிகிச்சை தருவார்கள். அதனால் பாம்பின் நிறத்தையும் தலை வடிவத்தையும் எட்ட நின்று பார்த்ததோடு விடுங்கள். அடித்துத் தூக்கிவர வேண்டாம்.

பக்கவாதம்

வாய் கோணுகிறதா, ஒரு கை தூக்கினால் தானாக இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108ஐ அழைத்துக் கிளம்புங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள், ஸ்கேன் பார்த்த பிறகே போட முடியும். மலைப்பாதையே அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போகலாமா என்று ஆம்புலன்ஸில் கேளுங்கள். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள். ஊசி போடலாமா என்று முடிவு செய்ய டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.