சோடித்துக்கொண்டு சைக்கிள் ஓடும் பெண்கள்

துருக்கி நாட்டின் மேற்குக் கரையில் இஸ்மிர் என்றொரு பெரிய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் செப்டெம்பர் 22ஆம் திகதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிளில் வெளிக்கிடுகிறார்கள். விளையாட்டுக்காரர் உடுக்கும் இறுக்கமான உடையில் அல்ல. பூப்போட்ட சட்டை, கலியாண வீட்டுக்குப் போவது போன்ற நீளப் பாவாடை, அகன்ற தொப்பி, சிலருக்குக் குதி உயர்ந்த சப்பாத்து. சைக்கிளின் கைபிடியிலும் முன்கூடையிலும் பூவும் ரிபனும் பலூனும் கட்டியிருக்கும். இளம் பெண்களும் வருகிறார்கள், பேரப்பிள்ளை கண்டவர்களும் வருகிறார்கள்.

இந்தச் சவாரியைத் துருக்கி மொழியில் "சுஸ்லு கதின்லார்" சைக்கிள் பயணம் என்கிறார்கள். "கதின்லார்" என்றால் பெண்கள். "சுஸ்லு" என்பதற்கு அலங்கரித்த என்று எழுதலாம், ஆனால் எங்களுடைய பேச்சில் இதைவிடப் பொருத்தமான சொல் உண்டு: சோடித்த. "சோடிச்சுக்கொண்டு எங்கையடி வெளிக்கிட்டனீ?" என்ற கேள்வியை வாழ்க்கையில் ஒருதரமாவது கேளாத பெண் எங்களுக்குள் இருக்கமாட்டாள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் சின்னக் குத்தல் துருக்கிச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. தங்களைக் குத்தப் பயன்படும் சொல்லையே எடுத்து அந்தப் பெண்கள் தங்கள் பயணத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

தொடக்கியவர் செமா கூர் என்ற வரலாற்று ஆசிரியை. செப்டெம்பர் 22 உலகின் பல நகரங்களில் மோட்டார் வாகனம் இல்லாத நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது. 2013 இல் அந்த நாளை முன்னிட்டு, நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு சைக்கிளுடன் வாருங்கள் என்று முகநூலில் பெண்களை அழைத்தார். முதல் ஆண்டிலேயே சுமார் 300 பேர் வந்தார்கள். பிறகு துருக்கியின் மற்ற நகரங்களுக்கும் இது பரவியது. இத்தாலியின் மிலான் நகரில் வாழ்ந்த பினார் பின்சுத்தி என்ற துருக்கிப் பெண் வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனார். சில ஆண்டுகளுக்குள் 100 நகரங்களுக்கு மேல் அதே ஞாயிற்றுக்கிழமையில் பெண்கள் ஓடினார்கள்.

இதில் போட்டி இல்லை. முந்தியவர், பிந்தியவர், பரிசு என்று எதுவும் இல்லை. மெதுவாக, கதைத்துச் சிரித்துக்கொண்டு, மணியை அடித்துக்கொண்டு போவார்கள். அன்று ஒருநாளாவது வீதியில் வாகனப் புகை மணக்காமல் வாசனைத் தைலம் மணக்கட்டும் என்று பகிடியாகச் சொல்லுவார்களாம். பகிடிக்குள் இருக்கும் விடயம் பகிடியானதல்ல. மோட்டார் வாகனங்கள் நிறைந்த பெருநகர வீதியில் சைக்கிளில் போக வேண்டுமென்றால் உடலை வளர்த்து, தலைக்கவசம் போட்டு, ஆண்களைப் போல வேகமாக ஓட வேண்டும் என்றொரு எண்ணம் இருக்கிறது. அப்படி ஓட முடியாத பெண் வீட்டில் இருக்க வேண்டியதுதான். நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே, என் பாவாடையோடேயே இந்த வீதியால் போவேன் என்பதுதான் இவர்கள் கேட்பது.

சமூகவியல் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். பெண்ணை அலங்காரப் பொருளாக வைத்திருப்பதே ஆணாதிக்கம் அல்லவா, அலங்காரத்தையே கொடியாகப் பிடித்துக்கொண்டு போவது எப்படி விடுதலையாகும்? கேள்வி நியாயமானது. பல்கலைக்கழகத்தில் நாங்களும் இதை மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். ஆனால் சோடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்படும் பெண்ணுக்கும் இனிமேல் சோடிக்கவே கூடாது என்று விலக்கப்பட்ட பெண்ணுக்கும் இந்தக் கேள்வியின் பொருள் ஒன்றாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் அந்த நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இஸ்மிரின் பழைய பெயர் ஸ்மேர்னா. துருக்கியரும் கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் ஐரோப்பிய வணிகரும் அருகருகே வாழ்ந்த ஊர். கொனாக் சதுக்கத்தில் 1901 இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம், அதற்குப் பின்னால் கெமரால்டி என்ற பழைய சந்தையின் ஒடுங்கிய சந்துகள், யூதர்கள் வாழ்ந்த கரதாஷ் பகுதியில் மேட்டுத் தெருவுக்கு ஆட்களை ஏற்றிவிட 1907 இல் கட்டிய மின்தூக்கிக் கோபுரம் எல்லாம் இன்றும் நிற்கின்றன. கடலோரமாக நீண்டு கிடக்கும் வீதியின் பெயர் கோர்டொன். சோடித்த பெண்களின் படங்களில் பின்னணியாகத் தெரியும் கடல் அதுதான்.

அந்தக் கோர்டொன் வீதிக்கு ஒரு செப்டெம்பர் மாதம் நடந்ததை நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1919 மே மாதம் கிரேக்க இராணுவம் அந்த நகரில் இறங்கியது. மூன்று வருடப் போர். பின்வாங்கிய கிரேக்கப் படை வழியிலிருந்த துருக்கியரின் ஊர்களை எரித்துக்கொண்டு போனது. 1922 செப்டெம்பர் 9 இல் துருக்கிய இராணுவம் நகருக்குள் வந்தது. நான்கு நாட்களின் பின், 13ஆம் திகதி, ஆர்மீனியர் வாழ்ந்த பகுதியில் தீப்பிடித்தது. யார் வைத்தது என்ற வாதம் நூறு வருடம் கடந்தும் முடியவில்லை. ஆர்மீனியரின் பகுதியும் கிரேக்கரின் பகுதியும் எரிந்து போயின. சனம் எல்லாம் கடற்கரைக்கு ஓடி வந்தது. பின்னால் நெருப்பு, முன்னால் கடல், நடுவில் ஒடுங்கிய அந்த வீதி. உள்ளூரிலிருந்து முன்பே இடம்பெயர்ந்து வந்தவர்களும் சேர்ந்து இலட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு அதில் நெருங்கி நின்றார்கள். துறைமுகத்தில் பிரித்தானிய, பிரெஞ்சு, இத்தாலிய, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நின்றன. தாங்கள் நடுநிலை என்று சொல்லி முதலில் தங்கள் நாட்டவரை மட்டுமே ஏற்றின.

மாதக் கடைசியில்தான் சனத்தை ஏற்றிப்போகக் கிரேக்கக் கப்பல்கள் வந்தன. ஏறுவதற்கு முன் ஒரு நிபந்தனை. 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் போக முடியாது. படலையில் வைத்து அவர்களைப் பிரித்தெடுத்து வேலைப் படையணிகளாக உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. கப்பலில் ஏறியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். இந்தப் பந்தியை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் மேலே விளக்கம் எழுதத் தேவையில்லை.

1923 இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து சனங்களை மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்திலிருந்து துருக்கிக்கு வந்தார்கள். இன்று இஸ்மிரில் வாழும் பல குடும்பங்களின் பாட்டிமாரும் அப்படித் தங்கள் கிராமத்தை விட்டு வந்தவர்கள்தான். செப்டெம்பர் 9 துருக்கியில் அந்த நகரின் விடுதலை நாள். கிரேக்கர் அந்த ஆண்டை "பேரழிவு" என்ற சொல்லால் குறிக்கிறார்கள். ஒரே நாள் ஒரு வீட்டில் கொடியும் இன்னொரு வீட்டில் விளக்குமாக இருப்பது எங்களுக்கும் புதிதல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சைக்கிள் பயணம் 1922 ஐ நினைவுகூருவதற்காக நடத்தப்படுவதல்ல. இரண்டும் செப்டெம்பர் மாதம், இரண்டும் அந்தக் கடற்கரை என்பது என் கண்ணில் பட்ட பொருத்தம் மட்டும். எரிந்த நிலத்தின் ஒரு பகுதியை 1936 இல் பெரிய பூங்காவாக்கினார்கள். 1990களின் கடைசியில் கோர்டொன் ஓரம் கடலை நிரப்பி விரைவு வீதி போட வெளிக்கிட்டபோது நகர மக்கள் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார்கள். நிரப்பிய இடம் புல்வெளியாகி, இப்போது அதன் ஓரத்தில் சைக்கிள் பாதை ஓடுகிறது. 2014 முதல் நகரசபையே வாடகைக்குச் சைக்கிள் கொடுக்கிறது.

நான் வேலை செய்யும் பகுதியில் மாதர் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை பெண்கள் கூடுவோம். பெரும்பாலானோர் பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர். ஒருநாள் இஸ்மிர்ப் பெண்களின் படங்களைக் காட்டினேன். கைமாறிக் கைமாறிப் படங்கள் போயின. முதலில் சிரிப்பு. பிறகு ஓர் அம்மா கேட்டார், "உவை எல்லாரும் எங்கை போயினம், பிள்ளை?"

"ஒரு இடத்துக்கும் இல்லை அம்மா. கடற்கரையாலை போய்ச் சுத்தி வருவினம்."

"சும்மாவோ?"

"சும்மாதான்."

அவருக்கு அது விளங்கவேயில்லை. விளங்காததில் வியப்புமில்லை. சைக்கிள் எங்கள் பெண்களுக்குத் தெரியாத பொருளல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற் போனபோது யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. பள்ளிக்கூடம், ரியூசன், ஆஸ்பத்திரி, விறகு, பாண், நோயாளி, எல்லாம் சைக்கிள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் சைக்கிளில் ஏறி ஓடவில்லை. கரியரில் அரிசி மூட்டையும் பாரில் பிள்ளையும் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். முகாமிலிருந்து மீள்குடியேறிய காலத்தில் நிறுவனங்கள் கொடுத்த சைக்கிளில்தான் இன்றும் பலர் தோட்ட வேலைக்கும் கடைக்கும் போய் வருகிறார்கள். ஆகவே எங்கள் பெண்ணைச் சைக்கிளில் கண்டு ஊர் ஒன்றும் சொல்வதில்லை. பின்னால் ஒரு மூட்டை இருக்கும் வரைக்கும். மூட்டை இல்லாமல், அவசரம் இல்லாமல், ஒரு பெண் சும்மா போனால்தான் கேள்வி வருகிறது.

பூவைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. 2009 இல் கணவரை இழந்த ஒரு தங்கை, இப்போது நாற்பதைத் தொடுகிறவர், சொன்னார்: "நான் தலையிலை பூ வைச்சுக்கொண்டு சைக்கிளிலை போனால் பின்னேரத்துக்கிடையிலை ஊர் முழுக்கக் கதை, அக்கா." தன் மகளின் சாமத்தியச் சடங்கில் தான் பின்வரிசையில் நின்றதையும் சொன்னார். ஆலாத்தி எடுக்க வேறு ஆட்களைக் கூப்பிட்டார்களாம். மகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர் ஒருவர்தான்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். இருக்கிறார் என்றே நம்புகிறார், அதனால் பொட்டு வைக்கிறார். "பொட்டு வைச்சால், ஆருக்காக வைக்கிறாள் எண்டு கதை. வைக்காட்டில், மனுசனைச் சாகக் குடுத்திட்டாள் எண்டு கதை" என்றார். இப்படி நெற்றியில் ஒரு துளி குங்குமத்துக்கு ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பெண்ணிடம் போய், அலங்காரம் ஆணாதிக்கத்தின் விலங்கு என்று நான் வகுப்பெடுக்க முடியுமா? அவளுக்கு அலங்காரம் பறிக்கப்பட்ட ஒன்று. பறித்தது கணவரின் சாவு அல்ல, நாங்கள்தான். அந்தப் பின்வரிசையை ஒழுங்குபடுத்துபவர்களில் பெண்களே அதிகம் என்பதையும் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

"அங்கை அவையளைச் சனம் ஒண்டும் சொல்லாதோ?" என்று இன்னொருவர் கேட்டார். சொல்லும். துருக்கி பெண்களுக்குச் சொர்க்கமல்ல. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்று 2011 இல் இஸ்தான்புல் நகரில்தான் கைச்சாத்திடப்பட்டது, அதன் பெயரே இஸ்தான்புல் உடன்படிக்கை. 2021 இல் துருக்கி ஜனாதிபதி ஒரு கட்டளையால் தன் நாட்டை அதிலிருந்து விலக்கிக்கொண்டார். பெண்கள் வீதியில் இறங்கிக் கத்தியும் நடக்கவில்லை. அப்படியான நாட்டில்தான் அந்தப் பெண்கள் வருடத்துக்கு ஒருநாள் இப்படிப் போகிறார்கள். 300 பேர் ஒன்றாகப் போகும்போது ஒருத்தியைத் தனியாகக் காட்டிக் கதைப்பது கடினம் என்று நான் சொன்னேன். "ஓம், கோயிலுக்குத் தூக்குக்காவடியோடை போற மாதிரி" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது சரி. திருவிழாக் கூட்டத்துக்குள் மட்டும்தான் எங்கள் பெண்ணும் காரணம் சொல்லாமல் வீதியில் நடக்கிறாள்.

அன்றைக்கு எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. எங்களுக்குக் கோர்டொன் போல பாதை இல்லை, பொழுதுபட்டால் வீதியில் வெளிச்சமும் இல்லை, பாதிப் பேரின் சைக்கிளுக்குப் பிரேக் கட்டையே தேய்ந்துபோய்க் கிடக்கிறது. இளம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் குளக்கட்டால் ஒரு ஞாயிறு பின்னேரம் போவோம் என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். பூ வைத்தா, வைக்காமலா என்பதில் அவர்களுக்குள்ளேயே இழுபறி.

எழும்பும் நேரத்தில், முதலில் கேள்வி கேட்ட அந்த அம்மா ஒரு படத்தை மட்டும் திருப்பித் தராமல் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, அவருடைய வயதை ஒத்த ஒரு பெண். "இவவுக்கு மனுசன் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"படத்தைப் பார்த்து எப்பிடி அம்மா சொல்லுறது? தெரியாது" என்றேன்.

"அதுதானே" என்று சொல்லிவிட்டு, படத்தைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.